சட்டமூலங்களை விளங்கிக்கொள்ள உதவி தேவை

வணக்கம். ஹட்டனுக்கு அருகே எங்கள் தோட்ட வாசிகசாலையில் ஞாயிறுதோறும் கூடும் நாங்கள், வர்த்தமானியில் வெளியாகும் சட்டமூலங்களைத் தமிழிலேயே வாசித்தாலும், ‘உட்பிரிவுக்குப் பதிலாகப் பின்வருவது இடப்படும்’ போன்ற வரிகளில் திணறி நின்றுவிடுகிறோம். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் செலவிட வழிசெய்த 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தைக்கூட, லயத்துப் பாதை மழையில் கரைந்த பின்னர்தான் தற்செயலாக அறிந்தோம்.

சட்டம் படித்தவர்கள் யாரேனும் மாதம் ஒரு மணி நேரம் எங்களுக்கு விளக்க முடியுமா? சட்டமூலம் குழுநிலையில் (பாராளுமன்றம் அதைப் பிரிவு பிரிவாக ஆராயும் கட்டத்தில்) இருக்கும்போதே திருத்தம் கோரி, நுவரெலியா மாவட்டத்தின் 8 பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பத்தக்க மாதிரிக் கடிதம் ஒன்றும் வேண்டும். சென்ற முறை வாக்கெடுப்பு முடிந்த பிறகே எழுதினோம். பதில் வராததில் வியப்பில்லை. இயன்றவர்கள் கீழே தெரிவியுங்கள்; மாலை 5 மணிக்குப் பிறகென்றால், கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்களும் கலந்துகொள்வார்கள்.