பேட்டரி நிற்கவில்லையா? செயினைப் பாருங்கள்

கோத்தகிரியிலிருந்து:
பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன வாரம் தன் பேட்டரி செயின்சாவை, அதாவது மரம் அறுக்கும் மெஷினை, தூக்கிக்கொண்டு வந்தார். சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது, புது பேட்டரி வாங்கவா, மெஷினையே மாற்றவா என்று கேட்டார். பேட்டரி விலை தெரிந்தவர்களுக்கு அவர் கவலை புரியும். அறுக்கும்போது என்ன விழுகிறது என்று மட்டும் கேட்டேன். மாவு மாதிரி பொடியாக விழுகிறது என்றார். சரி, பேட்டரி மேல் தப்பில்லை. பல் கூராக இருந்தால் சீவல் சீவலாக விழும், மழுங்கினால்தான் பொடி. மழுங்கின செயினைக் கையால் அழுத்தினால் மோட்டார் திணறும், சூடேறி மெஷின் தானே நின்றுவிடும். பெட்ரோல் மெஷினாவது புகைவிட்டுக்கொண்டு இழுத்துவிடும். பேட்டரி மெஷினில் அந்தச் சலுகை கிடையாது.

பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் செயினில் கை வைத்தேன். ஸ்விட்ச் அணைத்திருக்கிறது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அவருடையது 3/8 அங்குல லோ புரொஃபைல் ரகச் செயின், அதற்கு 4 மி.மீ. உருண்டை அரம். செயினுக்குச் செயின் இது மாறும், மெஷினோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். பல்லின் மேல்தட்டு பெரும்பாலும் 30 டிகிரி சாய்வில் இருக்கும். அந்தச் சாய்விலேயே உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அரம்தான் வீணாகும். அவர் செயினில் ஒரு பக்கத்துப் பற்கள் நீளம், மறுபக்கம் குட்டை. அறுப்பு கோணிக்கொண்டு போனதற்குக் காரணம் அதுதான். இருப்பதில் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்றதையெல்லாம் அந்த நீளத்துக்கு இறக்கினேன்.

கூடலூரிலிருந்து:
எங்கள் பக்கம் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றுவோம், கிளை கழிக்க மெஷின் அவசியம். அந்தக் காலத்தில் வேலிக் கம்பியை மரத்திலேயே ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள். பட்டை மூடி வளர்ந்துவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியாது. வேலைக்கு வந்த தம்பி அதில் விட்டான், பொறி பறந்தது, சில பற்களின் முனை போயே போச்சு. டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். கிரைண்டரை அழுத்திப் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, பல் முனை நீலமாகத் திரும்பி வந்தது. நீலம் பாய்ந்தால் சூட்டில் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் கூர் நிற்காது. இப்போது அரம்தான், அதுவும் நானே. வெட்டிய கட்டையை மண்ணில் போட்டும் அறுக்க விடுவதில்லை, கீழே ஒரு கட்டை முட்டுக் கொடுத்துத்தான். பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, அதன் முனை ஒரு தடவை மண்ணைத் தொட்டாலே கூர் போய்விடும்.

முழு மரத்தையே சாய்க்கப் போகிறவர்கள் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

எமரால்டிலிருந்து:
எனக்கு ஆயில்தான் தலைவலி. மெஷின் கரண்டில் ஓடினாலும் பேட்டரியில் ஓடினாலும் செயினுக்கு ஆயில் வேண்டும். இது தெரியாமல் டேங்க் காய்ந்துபோய் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்லி ஊரே அறிவுரை சொல்லும், கேட்காதீர்கள். அதில் இரும்புத் துகள் மிதக்கும், பம்பும் அடைக்கும். இங்கே மார்கழிக் காலையில் நல்ல செயின் ஆயிலே கெட்டிப்பட்டு இறங்க மறுக்கிறது. அதனால் கேனை ராத்திரி வீட்டுக்குள் வைத்துவிடுவேன். ஆயில் வருகிறதா என்று பார்க்க, வெளிறிய கட்டை ஒன்றுக்கு நேரே பார் முனையைத் தொடாமல் பிடித்து ஓட்டினால் போதும், எண்ணெய்க் கோடு விழும். விழாவிட்டால் பாரைக் கழற்றி, செயின் ஓடும் காடியையும் ஆயில் துளையையும் சுரண்டுங்கள். மழையில் நனைந்த சீகை (வாட்டில்) மரத்தூள் அங்கேதான் களியாக அப்பிக்கொள்கிறது. கழற்றின கையோடு பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

உறைபனி விழும் நாளில் வெளிக் கொட்டகையில் சார்ஜ் போடாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் பேட்டரி கெட்டுவிடும்.

குன்னூரிலிருந்து:
செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்கணும் அண்ணா? நான் இறுக்கினால் ஓட மாட்டேன் என்கிறது, தளர்த்தினால் கழன்று விழுகிறது.

எமரால்டிலிருந்து:
பாரின் அடிப்பக்க நடுவில் செயினைப் பிடித்து இழுங்கள் தம்பி. காடிக்குள் ஓடும் அடிப்பல் அதைவிட்டு முழுசாக வெளியே வரக் கூடாது, அதே சமயம் கையுறை போட்ட கையால் செயினைச் சுற்றி நகர்த்த முடியணும். செயின் ஆறிய பிறகு பாருங்கள். சூட்டில் நீளும், அப்போது இறுக்கினால் ஆறும்போது சுருங்கிப் பாரைப் பிடித்துக்கொள்ளும். புது செயின் என்றால் முதல் நாள் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

கூடலூரிலிருந்து:
கோத்தகிரி அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. நன்றாக அரம் போட்டும் கடிக்கவில்லை என்றால், ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கும் மேட்டைப் பாருங்கள். பல் தேயத் தேய அது மட்டும் உயரமாக நிற்கும், தட்டை அரத்தால் இறக்கணும். பல செயின்களில் பல்லை விட 0.65 மி.மீ. தாழ்வாக இருந்தால் சரி, அதற்கென்று சின்ன அளவுத் தகடு விற்கிறார்கள். கண்ணளவில் அதிகமாக இறக்கினால் மெஷின் குதிக்கும். அது ஆபத்து.