கிளட்ச் மாற்ற லேபர் மட்டும் 6,200! பெங்களூரில் யாரை நம்பி வண்டியை விடுவது?

அல்சூர்வாசி:
எட்டு வருஷ ஹேட்ச்பேக். தினமும் சில்க் போர்டு வழியாக எலக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறேன். அந்த நெரிசலில் கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் ஊர்ந்து ஊர்ந்து பிளேட் தேய்ந்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாகங்கள் தனி, லேபர் மட்டும் 6,200 என்கிறார்கள். நான் கேட்காத என்ஜின் ஃப்ளஷும் (என்ஜின் உள்பக்கத்தைக் கழுவுவது) எஸ்டிமேட்டில் ஏறியிருக்கிறது. விவேக்நகரில் ஒரு கராஜில் லேபர் 3,500. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இனி ஏன் கம்பெனிக்குப் போக வேண்டும்?

ஒயிட்ஃபீல்ட் அப்பா:
போன வருஷம் நானும் இப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஏரியா கராஜில் பிரேக் பேட் மாற்றினேன். பில் இல்லை, பேட் வந்த டப்பாவையும் நான் பார்க்கவில்லை. மூன்றே மாதத்தில் டிஸ்க்கில் கோடு விழுந்தது. போய்க் கேட்டால், "நீங்கதானே சார் கம்மியா போடச் சொன்னீங்க" என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம் என்றால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. குழந்தைகளை ஏற்றிப் போகிற வண்டி. கம்பெனியில் கூடுதலாகக் கொடுத்தாலும், என்ன வேலை என்று எழுதித் தரும் ஜாப் கார்டு கையில் இருக்கும்.

அல்சூர்வாசி:
ஜாப் கார்டு இருந்தால் நேர்மை வந்துவிடுமா? ஒரு கம்பெனி சென்டரில் எனக்கு ஃபில்டரின் எம்.ஆர்.பி. மேலேயே ஜிஎஸ்டி போட்டார்கள். எம்.ஆர்.பி.யில் வரி அடக்கம். லேபருக்குத்தான் 18 சதவீதம் தனியாக வரும். டப்பாவைக் கேட்டு வாங்கிக் காட்டிய பிறகே குறைத்தார்கள். காட்டாதவர்கள் எத்தனை பேர் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்!

ஸ்பேனர்15:
பதினைந்து வருஷமாக கராஜ் வைத்திருக்கிறேன். லேபர் என்றால் நாலு போல்ட் கழற்றுவது என்று நினைக்காதீர்கள். கிளட்சுக்கு டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி, கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். இரண்டு பேருக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். 3,500 நியாயமான கூலி. 1,500 என்று யாராவது சொன்னால் மீதியைப் பாகத்தில் எடுப்பார்.

அப்புறம், பிளேட்டை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் செட்டாகப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து பேரிங் கத்தினால் மறுபடி கியர்பாக்ஸ் இறங்கும், மறுபடி அதே லேபர். பாகத்தை ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் நீங்களே வாங்கி வந்தாலும் போட்டுத் தருவேன். பாகத்துக்கு மட்டும் கேரண்டி தர மாட்டேன்.

ஒயிட்ஃபீல்ட் அப்பா:
அங்கேதான் நாங்கள் மாட்டுகிறோம். இரண்டு வாரத்தில் வண்டி நடுங்கினால் பாகம் சரியில்லையா, வேலை சரியில்லையா? யார் சொல்வது?

ஸ்பேனர்15:
கேள்வி நியாயம்தான். பாகத்தையும் நானே வாங்கினால் இரண்டுக்கும் நான் பொறுப்பு. ஆறு மாதம் என்று பில்லிலேயே எழுதித் தருவேன், பழைய பிளேட்டையும் கையில் கொடுப்பேன். இன்னொன்று: கியர்பாக்ஸ் இறங்கியதும் போன் பண்ணச் சொல்லி, ஃப்ளைவீலின் (கிளட்ச் பிளேட் அழுந்திப் பிடிக்கும் என்ஜின் சக்கரம்) முகத்தை நேரில் பாருங்கள். அது எரிந்திருந்தால் புது பிளேட் போட்டும் நடுக்கம் போகாது.

அல்சூர்வாசி:
விவேக்நகர்க்காரரிடம் இப்போதுதான் பேசினேன். பழைய பாகம் தருகிறேன், ஃப்ளைவீலையும் காட்டுகிறேன் என்றார். கேரண்டியை எழுதிக் கேட்டதும், "நாளைக்குச் சொல்றேன் சார்" என்கிறார்.

ஒயிட்ஃபீல்ட் அப்பா:
அப்படியானால் அவர் சொல்லும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.