பாசியும் துருவும் ஒட்டிய 34 படங்கள்: எதை அனுப்புவது, எதை விடுவது?

கேள்வி: தங்கச்சிமடத்துப் பெண்

வணக்கம். நுண்கலை இளநிலைக் கடைசி ஆண்டில் படிக்கிறேன். முதுநிலைக்கு விண்ணப்பிக்க 15 முதல் 20 படைப்புகள் கொண்ட தொகுப்பைக் கேட்கிறார்கள். கையில் 34 இருக்கின்றன. அவற்றைத் தரையில் பரப்பிப் பார்த்தால் மூன்று வெவ்வேறு ஆட்கள் வரைந்தது போல இருக்கிறது.

முதல் 11, முதலாண்டில் தொடங்கி வரைந்த நீர்வண்ணங்கள். எங்கள் ராமேஸ்வரம் தீவில் பிறந்து தூரிகை பிடிக்கும் யாரும் பாம்பன் பாலத்திடமிருந்து தப்ப முடியாது. 1914இல் திறந்த பழைய பாலத்தை மூடிய நிலையில், தூக்கிய நிலையில், மழையில் என்று வரைந்தேன். 2025இல் புதிய தூக்குப்பாலம் திறந்ததும் விடுமுறைக்கு வந்தபோது அதையும் வரைந்தேன். 11இல் ஏழு பாலம்தான். மிச்சம் நான்கும் வத்தைகள், எங்கள் ஊர்ச் சிறு படகுகள்.

அடுத்த எட்டும் வெறும் கோடுகள். ஒரு விடுமுறையில் தினமும் விடியற்காலை வடகடல் கரைக்குப் போய், தண்ணீர் எதுவரை வந்து திரும்பியது என்பதை மட்டும் ஒரே ஒரு கோடாக இழுத்தேன். ஐஸ் கம்பெனியில் தூக்கிப் போட்ட பில் புத்தகத்தின் பின்பக்கம்தான் தாள். ஒரு நாளைக்கு ஒரு கோடு. பிறகு அந்தக் கோடுகளைப் பெரிய தாள்களில் மையால் அடுக்கினேன்.

கடைசி 15தான் சிக்கல். கலப்பு ஊடகம். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு போய் அவர் கொண்டுவரும் பாசியில் ஒரு கை எடுத்துக்கொள்வேன். அதோடு அப்பாவின் கிழிந்த வலை, நங்கூரத்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்த துருத்தடம், சீமைக்கருவேலக் கரி, கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல். படகும் இல்லை, பாலமும் இல்லை, கடல் என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. ஆனால் எனக்கு அவைதான் கடல்.

கல்லூரியில் ஓர் ஆசிரியர் “கடைசி 15ஐ மட்டும் அனுப்பு” என்கிறார். இன்னொருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, “கரை ஒதுங்கியதை எல்லாம் ஒட்டியிருக்கிறாய், நீ என்ன செய்தாய்?” என்று கேட்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போதாததற்கு, மழைக்காலத்தில் சில தாள்கள் ஈரம் கோத்து நெளிந்துவிட்டன. வெயில் வந்ததும் மேலே வெள்ளைப் பொடி பூத்தது. பிரஷ்யன் நீலம் பூசிய இரண்டு படங்களில் சுண்ணாம்பு தொட்ட ஓரம் மட்டும் பழுப்பாகிவிட்டது. நான் அங்கே பழுப்பு வைக்கவே இல்லை. மூன்று படங்களில் கரையில் பொறுக்கிய முருகைக்கல், அதாவது பவளக்கல், துண்டுகளைப் பதித்திருக்கிறேன்; அது ஏதாவது தொல்லை தருமா? இந்த மூன்று கட்டங்களையும் எப்படி ஒன்றாக்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மதுரை சட்டகக் கடைக்காரர்

தங்கச்சி, கலையைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். ஈரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 22 வருடமாக மற்றவர்கள் படத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பவன் நான்.

கடலுப்பு என்பது சோற்றில் போடும் உப்பு மட்டும் அல்ல. அதில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குடிக்கும். அதனால்தான் உங்கள் படம் மழையில் அழுகிறது, வெயிலில் பூக்கிறது. உப்பை உள்ளே வைத்துக்கொண்டு மேலே எத்தனை வார்னிஷ் அடித்தாலும் பயனில்லை. பாசியை நல்ல தண்ணீரில் மூன்று முறையாவது அலச வேண்டும். வலையை இரண்டு நாள் ஊறப் போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மணலுக்கும் இதேதான்.

பாசியை எப்படி ஒட்டுகிறீர்கள் என்று சொல்லவில்லை. வெள்ளைப் பசை என்றால் நிறுத்திவிடுங்கள், நாளானால் மஞ்சளாகும். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து மாதிரி செம்பாசிகளுக்குப் பசையே வேண்டாம், அகர் என்ற கூழ்ப்பொருளை எடுப்பதே அவற்றிலிருந்துதானே. அகலத் தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்க விட்டு, அடியில் தாளைச் செருகி, இழைகளைக் குச்சியால் விரித்து மெல்லத் தூக்குங்கள். மேலே மல்துணி, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் கனம். செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள், துணியை உரிக்காதீர்கள். காய்ந்ததும் பாசி தானே தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும். கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசி அப்படிப் பிடிக்காது, அதற்கு அக்ரிலிக் மீடியம் தேவை. கோதுமைப் பசையும் நல்லதுதான், ஆனால் பூச்சி தின்னும். பைண்டிங்காரர்கள் அதற்காக மயில்துத்தம் கலப்பார்கள். படத்தில் அதைக் கலக்காதீர்கள்.

துரு என்பது முடிந்துபோன விஷயம் அல்ல. உப்பும் ஈரமும் இருக்கும்வரை இரும்புத்துகள் வேலை செய்துகொண்டே இருக்கும். தடம் விழுந்ததும் தாளை அலசிக் காய வையுங்கள். கண்ணாடி போட்டால் படத்தில் படாதபடி இடைவெளிக் கட்டை கட்டாயம்.

நீலம் பழுப்பானது உங்கள் குற்றம் இல்லை. பிரஷ்யன் நீலத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது. காரம் பட்டால் அந்த நீலம் சிதைந்து இரும்பின் துருநிறத்துக்கே திரும்பிவிடும், அந்த நிறமியே இரும்பிலிருந்து வந்ததுதான். அது வேண்டாம் என்றால் அல்ட்ராமரின் பயன்படுத்துங்கள், அது சுண்ணாம்பைத் தாங்கும்.

பதில்: கீழக்கரை வாசி

முருகைக்கல் விஷயம் எல்லாவற்றுக்கும் முன்னால் தீர வேண்டியது. பவளம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டுதானே, கரையில் கிடந்ததுதானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்தத் துண்டுகளோடு படத்தைப் பார்சலில் ஏற்றுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். படம் எடுத்து அனுப்பினாலும், பார்க்கிறவர்களில் விவரம் தெரிந்த ஒருவர் போதும். அந்த மூன்றையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்தக் கல்லின் முகம்தான் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. எங்கள் ஊரில் என் பாட்டி வீட்டுப் பின்சுவர் முழுக்க முருகைக்கல், பழைய காலத்துக் கட்டு. பூச்சு உதிர்ந்த இடத்தில் மெல்லிய தாளை வைத்துக் கரியால் உரசினால் பூப்பூவாகக் கண்கள் விழும். சிறுவயதில் காசை உரசிப் படியெடுப்போமே, அதே வேலைதான். உங்கள் தீவிலும் அப்படிப்பட்ட வீட்டுச்சுவர் இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு உரசுங்கள்.

பதில்: வெட்டுக்கிளி

எனக்குப் பாலம் வரைந்த படங்கள்தான் பிடிக்கும். அவற்றை மக்கள் வாங்குவார்கள். வலையை வெட்டி ஒட்டினால் யார் வாங்குவார்கள்?

பதில்: ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், பரமக்குடி

வெட்டுக்கிளி சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். வாங்குவது வேறு, சேர்ப்பது வேறு, அவ்வளவுதான். இந்தப் பிள்ளை கேட்டது இரண்டாவதைப் பற்றி.

அம்மா, “நீ என்ன செய்தாய்?” என்று கேட்ட ஆசிரியர்மேல் கோபப்பட வேண்டாம். கேட்ட விதம் முரடாக இருந்திருக்கலாம், கேள்வி சரியானது. பாசி தானே அழகானது. துரு அதைவிட அழகானது. அவற்றை ஒட்டியதும் பாதிப் படம் முடிந்துவிட்டது போல ஒரு மயக்கம் வரும். இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843இலேயே கடற்பாசிகளை ரசாயனம் தடவிய தாளில் வெயிலில் வைத்து நீலப் படிவங்கள் எடுக்கத் தொடங்கினார். அவர் தாவரவியலாளர். எந்தப் பாசி எது என்று காட்டுவதே அவர் நோக்கம். உன் நோக்கம் அதுவல்ல என்றால், பாசியைத் தாண்டி அந்தத் தாளில் என்ன நடக்கிறது?

ஒன்று செய். ஒவ்வொரு படத்திலும் பாசியும் வலையும் இருக்கும் இடத்தைக் கறுப்புத் தாள் வெட்டி மூடு. மிச்சமுள்ள இடம் நிற்கிறதா என்று பார். மூடிய வடிவமும் மூடாத பரப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தால் அது ஓவியம். மூடியதும் வெறும் தாள் தெரிந்தால் அது பாசியின் படம், உன்னுடையது அல்ல. நான் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒட்டுப்படம் சொல்லிக்கொடுத்தபோது செய்த சோதனை இது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

மூன்று ஆள் வரைந்தது போல இருக்கிறது என்கிறாய். காந்தியைக் கோடுகளால் தீட்டிய ஓவியர் ஆதிமூலம்தான் பின்னாளில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் முதலில் குழப்பம்தான் வரும். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் ஆரம்பக்கால நீர்வண்ண நிலக்காட்சிகளையும், எழுத்தும் சின்னமுமாக நிறைந்த பிற்காலப் படங்களையும் பார்த்தாலும் அப்படித்தான். மாறியதை ஒளிக்க வேண்டாம். ஆனால் மாறிய ஒவ்வொரு படியையும் காட்டவும் வேண்டாம்.

எனக்கு உன் நடுக்கட்டம்தான் முக்கியமாகப் படுகிறது, ஏனோ நீ அதை நான்கே வரியில் தாண்டிவிட்டாய். தண்ணீர் வந்து திரும்பிய இடத்தை ஒரு கோடாக இழுத்தேன் என்றாயே, படகு வரைந்த பெண் பாசி ஒட்டும் பெண்ணாக மாறியது அங்கேதான். தொகுப்பை அதிலிருந்து தொடங்கு. நீல விஷயத்தில் மட்டும் சட்டகக்காரத் தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. அல்ட்ராமரினுக்கு மாறாதே. அந்த ஓரம் தானாக விழுந்தது. அடுத்த முறை நீ விழவைத்துப் பார்.

பதில்: மதுரை சட்டகக் கடைக்காரர்

மாஸ்டர் ஐயா, தங்கச்சி விழவைக்கட்டும், ஆனால் அந்தப் பழுப்பு எப்போது நிற்கும் என்று அவராலேயே சொல்ல முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். வாங்கியவர் ஒரு வருடம் கழித்து என்னிடம்தான் வருவார்.

பதில்: தங்கச்சிமடத்துப் பெண்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கீழக்கரை அண்ணா, மூன்று படங்களையும் கலைத்துவிட்டேன். துண்டுகளை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன். ஒன்றைப் பிரிக்கும்போது தாள் கிழிந்து ஒரு குழி விழுந்தது. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு அந்தக் குழி நன்றாக இருப்பதாகத் தோன்றியது. இருந்தாலும் அதை அனுப்பப் போவதில்லை.

மிச்சம் 12 படங்களை வீட்டுத் திண்ணையில் வரிசையாக வைத்துக் கறுப்புத் தாளால் மூடிப் பார்த்தேன். ஐந்து படங்களில் மூடியதும் ஒன்றுமே இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த ஐந்தும்தான் கல்லூரியில் எல்லோரும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டவை.

அம்மா வந்து பார்த்தார். கறுப்புத் தாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படத்தைக் காட்டி, “இதில் கட்டக்கோரையைத் தலைகீழாக வைத்திருக்கிறாய், வேர்ப்பக்கம் மேலே இருக்கிறது” என்றார். “அப்படித்தான் வேண்டும்” என்றேன். “வாடைக்காற்றில் பிய்ந்து கரைக்கு வந்தால் அப்படித்தான் கிடக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பாவுக்கு வலையை வெட்டியதில் இன்னும் மனவருத்தம்தான். கிழிந்த வலையானாலும் பொத்தினால் ஆகும் என்கிறார்.

மாஸ்டர் ஐயா, கோடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் தீவில் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். நான் வரைந்தது முழுக்க வடகடல் மட்டும், அதுவும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில், அது அமைதியாகக் கிடக்கும்போது. அதனால்தான் எட்டுப் படங்களும் அத்தனை சாதுவாக இருக்கின்றன என்று இப்போதுதான் உறைத்தது. கச்சான் அடிக்கும்போது தென்கடல் கரையில் நின்றிருந்தால் அந்தக் கோடே வேறாக இருந்திருக்கும். எட்டில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். கலப்பு ஊடகத்தில் ஏழு. முதல் கட்டத்தில் வத்தை ஒன்று, பாலம் ஒன்று. வெட்டுக்கிளி சந்தோஷப்படலாம். அந்தப் பாலத்தில் பாலத்தைவிட அடியில் ஓடும் தண்ணீர்தான் அதிகம். மொத்தம் 14. பதினைந்தாவதாகச் சுவர் உரசல் ஒன்று செய்கிறேன். பக்கத்துத் தெருப் பாட்டி சுவரைத் தொட அனுமதி தந்துவிட்டார், பதிலுக்குத் தன் முகத்தை வரைந்து தர வேண்டுமாம்.

கடைசியாக ஒரு சந்தேகம். படங்களுக்குப் பெயர் வைக்கவில்லை, எண்தான் போட்டிருக்கிறேன். அது போதுமா? படம் பிடிக்கும்போது பாசியின் மேடுபள்ளம் எல்லாம் தட்டையாகிவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், பரமக்குடி

எண் போதும். ஆனால் எந்த மாதம், எந்தக் கரை, என்ன காற்று என்பதை ஒவ்வொன்றின் கீழும் எழுது. கச்சான், வாடை, கொண்டல் என்று உங்கள் வீட்டில் சொல்லும் பெயரையே எழுது. பாட்டியின் முகத்தை நன்றாக வரை, அவசரப்படாதே.

பதில்: மதுரை சட்டகக் கடைக்காரர்

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு எடுங்கள். முழுப் படத்தைத் திண்ணை நிழலில், கண்ணாடி இல்லாமல், நேராக நின்று. இரண்டாவது, ஒரு மூலையை மட்டும், வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி காலையிலோ மாலையிலோ. மேடுபள்ளம் அதில்தான் வரும். ஃபிளாஷ் வேண்டாம். தங்கச்சி, அந்த வலையை அலசிவிட்டீர்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லவே இல்லை.