கோடியக்கரைக் காட்டில் ஒரு மாசி இரவு

காட்டில் ஒரு இரவு தங்க வேண்டும் என்றால் டெல்டாக்காரர்கள் நாம் உடனே கொல்லிமலைக்கும் வால்பாறைக்கும் வண்டி பிடிக்கிறோம். மலையே இல்லாத நம் மண்ணில், வயல் முடிந்து உப்பளம் முடிந்து கடல் தொடங்குகிற முனையில், பழங்காடு ஒன்று இருப்பது பல பேருக்கு நினைவிலேயே இல்லை. அங்கே ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு மதியமே திரும்பிவிடுகிறோம். கோடியக்கரையைப் பகலில் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மாசி மாதம் போனோம். நான், மச்சான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற தங்கை மகள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் விட்ட பிறகு இந்தப் பயணம் சுலபமாகிவிட்டது. 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடத்தில் இருக்கும் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு அங்கிருந்து ஆட்டோவில் போனோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 1967 முதல் சரணாலயம். உள்ளே கூடாரம் அடிக்கவும் நெருப்பு மூட்டவும் முடியாது, முடியவும் கூடாது. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி, அவர்களுடைய பூநாரை இல்லத்தில் தங்கினோம். கூடாரம் இல்லையே என்று மருமகளுக்கு முதலில் முகம் வாடியது. இருட்டியதும் அந்தக் குறையை மறந்துவிட்டாள்.

இந்தக் காட்டில் வானுயர்ந்த மரங்களைத் தேடாதீர்கள். உலக்கைப்பாலை, நாவல், காரை, சூரை என்று கடற்காற்றில் குனிந்து வளர்ந்த மரமும் முள்ளுமாக அடர்ந்து கிடக்கும். ஆண்டு முழுக்கப் பச்சை, ஆனால் வறண்ட காடு. வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சேரும் முனை என்பதால் எந்தப் பக்கம் காற்று திரும்பினாலும் உப்பு வாசம்தான். எவ்வளவு பழைய இடம் என்றால், கோடிக்குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர், ஆந்தையும் கூகையும் குழறுகிற இந்தக் காட்டில் துணையில்லாமல் தனியாக ஏன் இருக்கிறீர் என்று சாமியிடமே வருந்திப் பாடியிருக்கிறார். அந்தக் கூகைக் குரல் அன்று இரவு எங்களுக்கும் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சாயங்காலம் புல்வெளியில் வெளிமான்களைப் பார்த்தோம். கலைமான் கறுத்து, முறுக்கிய கொம்போடு நின்றது. பெட்டைகளுக்குக் கொம்பு கிடையாது. கூட வந்த வனக்காவலர் கைகாட்டிய திசையில் சீமைக்கருவை மண்டியிருந்தது. “இது பரவுனா புல்லு போயிடும் தம்பி, புல்லு போனா மானும் போயிடும்” என்றார். வெளிமானுக்குத் திறந்தவெளிதான் பாதுகாப்பு. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கிற உயிர் அது. சீமைக்கருவையை வெட்டினால் மறுபடி துளிர்க்கிறது, வேரோடு பிடுங்க வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கு ஆளும் பணமும் தொடர்ந்து வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கஜா புயலைப் பற்றியும் அவர் சொன்னார். 2018 நவம்பர் 16 விடியுமுன் அது கரை கடந்தபோது மரங்கள் முறிந்தன, மான்களும் குதிரைகளும் செத்தன. காலையில் காட்டுக்குள் நுழைய வழியே இல்லையாம், விழுந்த மரத்தின் மேல் ஏறி ஏறித்தான் போனார்களாம். இன்று அந்த மரங்களில் பல அடியிலிருந்து துளிர்த்து நிற்கின்றன. சிலவற்றை அவரே தொட்டுக் காட்டினார்.

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. ராத்திரி திண்ணையில் போர்வையோடு உட்கார்ந்தோம். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் போனதும் காது தானாகத் திறந்துகொண்டது. பக்கிக் குருவி விடாமல் தட்டுகிற மாதிரி கூவியது. கண்கிலேடிப் பறவையின் கூச்சல் ஒருமுறை. அப்புறம் நரிகள், ஒன்று தொடங்க மற்றவை சேர்ந்துகொண்டன. மருமகள் என் கையைப் பிடித்தாள், ஆனால் உள்ளே போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மச்சானுக்கு நேர்ந்தது வேறு. கை கழுவப் பின்பக்கம் போனவர், பக்கத்தில் யாரோ பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். கண் பழகிய பிறகு பார்த்தால் மட்டக்குதிரைகள். கைக்கெட்டும் தூரத்தில் குட்டியோடு மெல்ல நடந்து போயின. எப்போதோ மனிதர்கள் விட்டுப்போய், தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே வாழும் குதிரைகள் இவை. அதில் ஒன்று நின்று தன்னைப் பார்த்துவிட்டுப் போனதை மச்சான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நள்ளிரவுக்கு மேல் ஆமை ரோந்துக்குப் போகும் வனப் பணியாளர்களோடு, அவர்கள் அனுமதித்ததால், கடற்கரைக்கு நடந்தோம். நிபந்தனை ஒன்றுதான்: டார்ச், செல்போன் எதுவும் எரியக் கூடாது. சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் அவர்கள் கையில். வெகுதூரம் நடந்த பிறகு மணலில் டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலேறியிருந்தது. தடத்தின் முடிவில் பங்குனி ஆமை. பின் துடுப்புகளை மாற்றி மாற்றிக் குழி தோண்டிக்கொண்டிருந்தது. கண்ணாலே பார்க்காமல், பின்னால் நீட்டிய துடுப்பின் உணர்வாலேயே இவ்வளவு ஒழுங்கான குழியைத் தோண்டுகிறது!

முட்டையிடத் தொடங்கும் வரை எங்களைத் தள்ளி உட்கார வைத்தார்கள். ஒரு ஈட்டுக்கு நூறு முட்டை அளவில் இடும். ஆமையின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து மருமகள் அழுதேவிட்டாள். உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றும் நீர்தான் அது என்று பணியாளர் விளக்கிய பிறகும் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. குழியை மூடி, உடம்பை இருபக்கமும் ஆட்டி மண்ணைக் கெட்டித்துவிட்டு ஆமை கடலுக்குத் திரும்பியது. நரியும் நாயும் பன்றியும் தோண்டிவிடும் என்பதால் முட்டைகளை எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைத்தார்கள். பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம் வரும், குளிர்ந்திருந்தால் ஆண்.

திரும்பும் வழியில் நடந்ததுதான் மனதை வருத்தியது. சற்றுத் தள்ளி இளைஞர்கள் சிலர் பைக் முகப்பு விளக்கைக் கடலை நோக்கி எரியவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அலையிலிருந்து ஏறிவந்த இன்னொரு ஆமை பாதியில் நின்று அப்படியே திரும்பிவிட்டது. பணியாளர்கள் போய்ப் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்கள். எத்தனையோ மைல் நீந்தி வந்த உயிர் அது. பிள்ளைகளே, தயவுசெய்து விளக்கை அணையுங்கள்.

விடியற்காலை மீனவர் குடிசைப் பக்கம் டீ குடித்தோம். ஐப்பசி முதல் பங்குனி வரை வேறு ஊர்களிலிருந்தும் வந்து இங்கே தங்கி மீன்பிடிக்கிறார்கள். அங்கிருந்த பெரியவர், சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் சரிந்த இடத்தைக் காட்டினார். ஐப்பசியில் வந்தால் வலசை வரும் ஆறுமணிக் குருவியைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: பூநாரைக்கு மார்கழி, தை. ஆமைக்குத் தை முதல் பங்குனி வரை. குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் பங்குனியில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தேதி தெரிந்துகொண்டு கிளம்புங்கள். குடிக்கத் தண்ணீரும் கெட்டிப் போர்வையும் கொண்டுபோங்கள். குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள்.