உங்கள் ஊர்ச் சின்ன பனிச்சறுக்கு மலை அடுத்த குளிர்காலம் திறக்குமா? அனுபவங்களைச் சொல்லுங்கள்

வடக்குக்காற்று (வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியா):

ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். இந்த மாதிரி மலைகள் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். பழைய இரட்டை இருக்கை சேர்லிஃப்ட் ஒன்று, ஆட்களைச் சறுக்கு அட்டையோடு மேலே இழுத்துப்போகும் டி-பார் ஒன்று, கீழே மரத்தாலான லாட்ஜ். நடத்துவது ஊர்க்காரர்களேதான். இதை விட்டால் அடுத்த மலைக்குப் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும்.

போன வசந்த காலத்தில் எங்கள் மலையின் பொதுக்கூட்டம். கணக்கு, காப்பீடு, கியர்பாக்ஸ் என்று வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். எழுபதை நெருங்குகிறவர். அந்த லிஃப்டைச் செய்த கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. உதிரி பாகம் வேண்டுமென்றால் எங்காவது நின்றுபோன மலையிலிருந்து கழற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் லேத் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். எந்தக் கோபுரத்தில் எந்தச் சக்கரத்தை எப்போது மாற்றினார் என்பதெல்லாம் அவருடைய நோட்டில் இருக்கிறது. பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னோடு கோபுரத்தில் ஏற யார் வருகிறீர்கள், கை தூக்குங்கள்" என்றார். அறை நிறைய ஆட்கள். ஒரு கைகூட எழவில்லை.

எல்லோரும் பனி குறைகிறது என்கிறோம். எங்கள் மலை நின்றால் ஆள் இல்லாமல்தான் நிற்கும் என்று அன்றிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

பேர்ண் தமிழ் (சுவிஸ்):

எங்கள் பக்கம் பனிதான் பிரச்சினை, அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளாதீர்கள். நான் சமையலறை வேலைக்குப் போய்வந்த கிராமத்தில் ஒரேயொரு இழுவை லிப்ட். கோடையில் மாடு மேயும் நிலம், மாரியில் ஸ்கீ. லிப்டை ஓட்டுவது அந்த நிலத்து விவசாயி, டிக்கெட்டும் சூப்பும் விற்பது அவர் மனைவி.

ஒரு பெப்ரவரி, விடிய முதல் வேலைக்குப் போகிறேன். சரிவின் இரண்டு பக்கமும் பச்சைப் புல். அந்த மனிசன் தேவதாரு மரங்களுக்குக் கீழே நிழலில் கரையாமல் கிடந்த பனியை மண்வெட்டியால் அள்ளி டிராக்டர் பெட்டியில் போட்டு, லிப்ட் போகிற தடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். தனியாக. ஏன் என்று கேட்டேன். "நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள்" என்றார், நிமிரவும் இல்லை.

2007-இல் ஓஈசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு அல்ப்ஸ் மலைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் எடுத்த 666 ஸ்கீ இடங்களில் 609 இடங்களுக்கு இயற்கைப் பனி போதும் என்று கணக்கு. வெப்பம் 1 பாகை கூடினால் அது 500, 2 பாகை என்றால் 404, 4 பாகை என்றால் 202. இந்த விவசாயியின் லிப்ட் உயரம் குறைந்த இடம். முதலில் போவது அப்படியானவைதான். ஆள் இருந்தும் போகும்.

கால்கரிக்காரன்:

நான் ஆல்பர்ட்டாவில் ஒரு சின்ன மலையில் பசங்களுக்கு ஸ்கீ கற்றுக்கொடுத்தேன். மைனஸ் முப்பதில் டிக்கெட் ஜன்னலில் இருந்த அம்மா தன் கையுறையைக் கழற்றி என் மகளுக்குப் போட்டுவிட்டார். இன்னும் அதே கையுறைதான் அவளுக்குப் பிடிக்கும்.

சரி, மேலே எழுதிய இரண்டு பேருக்கும் சில யோசனைகள். முதல் வேலையாகச் செயற்கைப் பனி இயந்திரம் போடுங்கள், வாடகைக்கும் கிடைக்கும். கோடையில் சைக்கிள் பாதை திறங்கள், லாட்ஜைக் கல்யாணத்துக்கு விடுங்கள். சீசன் பாஸை வசந்தத்திலேயே தள்ளுபடியில் விற்றால் கோடை முழுக்கப் பழுதுபார்க்கக் கையில் பணம் இருக்கும். அக்கம்பக்கத்துச் சின்ன மலைகள் சேர்ந்து காப்பீடு பேசலாம், ஒரு மெக்கானிக்கைப் பங்கு போட்டும் வைத்துக்கொள்ளலாம். கழற்றிய பழைய இருக்கைகளை ஏலம் விடுங்கள், வீட்டு முற்றத்தில் ஊஞ்சலாகப் போட வாங்குகிறார்கள். அந்த மெக்கானிக் வேலை செய்வதை வீடியோ எடுத்து வையுங்கள், நோட்டு முழுவதையும் கணினியில் ஏற்றுங்கள். அவர் போய்விட்டால் அந்த அறிவும் போய்விடும். மாநில அரசின் சுற்றுலா நிதிக்கும் விண்ணப்பியுங்கள். இத்தனையும் செய்தால் தப்பிக்கலாம்.

டெரஸ்வாசி:

கால்கரிக்காரரே, வீடியோ யோசனை நல்லது, ஏலமும் சரி. ஆனால் பனி இயந்திரம் எல்லா இடத்துக்கும் ஆகாது. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிற ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 வாக்கில் இறங்கினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். தண்ணீர், பம்பு, குழாய், மின்சாரம் என்று செலவு தனி. நான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டெரஸ் என்ற ஊரில் இருந்தபோது போன மலை ஷேம்ஸ். ஊரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பசிபிக் கடல் பக்கம் என்பதால் வருடத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மீட்டர் அளவுக்குப் பனி கொட்டும். அதே கடல் காற்று ஒன்றிரண்டு பாகை சூடானால் அடிவாரத்தில் மழை. அந்த நாளில் எந்த இயந்திரமும் உதவாது.

அங்கே என் மனசில் நிற்பது வேறு. பனி கொட்டோ கொட்டென்று கொட்டி, லிஃப்டுக்குக் கீழே தரை உயர்ந்துவிட்டது. தோண்டாவிட்டால் இருக்கையில் வருகிறவர் கால் பனியில் இடிக்கும். ஒரு டாக்டர், ஒரு மரம்வெட்டி, பள்ளிக்கூடப் பசங்க எல்லாம் மண்வெட்டியோடு வரிசையாக நின்றார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. முன்பு அந்த மலையை விலைக்குப் போட்டு, வாங்க ஆள் வராமல் கிடந்தது. ஊர்க்காரர்களே கூட்டுறவு தொடங்கி வாங்கினார்கள். கனடாவில் லாப நோக்கமில்லாத கூட்டுறவு ஒன்று பனிச்சறுக்கு மலையை வாங்கியது அதுதான் முதல் தடவை. பங்கு போட்டவர் தோண்டவும் வருவார் என்று அங்கே கண்ணால் பார்த்தேன். வடக்குக்காற்று, உங்கள் ஊரில் கை எழாததற்குக் காரணம் கூட்டத்தில் கேட்டதாக இருக்கலாம். மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

பாமர்ஸ்டன் நார்த் (நியூசிலாந்து):

ஊர்க்காரர் பங்கு இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ருவாபெஹு எரிமலையைப் பாருங்கள். அங்கே ஸ்கீ நடத்தியது லாபம் பிரிக்காத நிறுவனம், 1953-இல் தொடங்கியது. ஆயுள் பாஸ் மட்டும் சுமார் 14,000 பேரிடம் இருந்தது. கோவிட் காலம், அப்புறம் 2022-இல் பனி மோசம். அந்த அக்டோபரில் கடனைக் கட்ட முடியாமல் வெளியிலிருந்து நியமித்த நிர்வாகிகள் கைக்கு நிறுவனம் போனது, அடுத்த வருடம் கலைப்பு. பிறகு மலையின் இரண்டு பக்கத்து ஸ்கீ இடங்களும் தனித்தனிக் கைகளுக்குப் போய்விட்டது.

அந்த நேரத்தில் அடிவாரத்து ஒஹாகுனேயில் ஒரு தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர் தன் பாஸை எடுத்துக் காட்டினார். "இதற்குப் பணம் திரும்ப வேண்டாம், மலை ஓடட்டும்" என்றார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இத்தனை அன்பு இருந்தும் கடன் கடன்தான்.

மீனூர் (வட நோர்வே):

மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் பலர் இந்தப் பக்கம்தான் இருந்தார்கள். நடு மாரியில் சூரியனே எழாது, லிப்ட் ஓட வேண்டுமென்றால் விளக்குப் போட வேண்டும். மின்சாரக் கட்டணம் கூடிய மாரியில் விளையாட்டுக் கழகம் வாரத்தில் இரண்டு மாலை மட்டும் திறந்தது. பெற்றோர் முறை வைத்து வாஃபிள் சுட்டு விற்று அந்தக் காசைக் கட்டினோம். இங்கே அதற்கு டுக்னாட் என்று பெயர், யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு மாலை லிப்ட் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல். மூடத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி வந்து, தான் பயிற்சி முடித்த கடதாசியைக் காட்டி, அறைக்குள் போய் லிப்டை எடுத்தாள். பிள்ளைகள் போட்ட சத்தம்! நியூசிலாந்து நண்பரே, கடன் உண்மைதான். ஆனால் எங்களிடம் கடன் வாங்குகிற அளவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அதுவே பலம். வடக்குக்காற்று, அந்தக் கூட்டத்தில் இளம் பிள்ளைகள் இருந்தார்களா? எங்கள் ஊரில் பெரியவர்களைக் கேட்டு அலுத்த பிறகுதான் அவர்களைக் கேட்டோம்.

பேர்ண் தமிழ் (சுவிஸ்):

மீனூர் அண்ணை, அந்தப் பயிற்சிக்கு யார் காசு கட்டியது, கழகமா, கொம்யூனா (ஊராட்சியா)? நான் சொன்ன விவசாயியின் மகள் லிப்டைப் பொறுப்பெடுக்கலாமா என்று யோசிக்கிறாள். பனியைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை, ஆனாலும் இதை அவளுக்குச் சொல்ல வேண்டும்.