குளியலறைக்குத் திரை போடலாமா? நம்ம ஊர் உப்புத் தண்ணீருக்கு அது தாங்குமா?

சத்துவாச்சாரிக்காரன்:
அம்மாவுக்கு 71 வயது. எங்கள் குளியலறை எட்டடிக்கு ஐந்தடி, நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. ஷவரைத் திறந்தால் வெஸ்டர்ன் டாய்லெட் வரைக்கும் தரை நனைந்துவிடும். போன வாரம் அந்த ஈரத்தில் அம்மா சறுக்கிவிட்டார், நல்லவேளை வாஷ்பேசின் கைக்குக் கிடைத்தது. ஐந்தடி அகலத்துக்குக் குறுக்கே ஒரு ஷவர் கர்ட்டன் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். வீட்டில் கண்ணாடித் தடுப்பு போடச் சொல்கிறார்கள். தண்ணீர் முழுக்க போர் தண்ணீர்தான், வாளி ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு படியும். என்ன செய்யலாம்?

காட்பாடி கொத்தனார்:
தம்பி, இரண்டுமே வேண்டாம். முதலில் தரையின் வாட்டத்தைப் பாருங்கள். கர்ட்டன் தெறிக்கிற தண்ணீரைத்தான் நிறுத்தும், தரையில் ஓடுகிற தண்ணீர் அதன் அடியில் புகுந்து போய்க்கொண்டேதான் இருக்கும். குளியல் தொட்டி உள்ள வீட்டில் திரையின் கீழ் ஓரத்தைத் தொட்டிக்குள் விடுவார்கள், வழிகிற தண்ணீர் தொட்டியிலேயே விழும். நம் வீடுகளில் தொட்டி ஏது? ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வெளியேறுகிற ஜாலிப் பக்கம் போகாமல் டாய்லெட் பக்கம் தேங்கினால் தரையைத்தான் சரி செய்ய வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்து, நடுவில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு கிரானைட் பட்டை வைத்தால் வேலை முடிந்தது.

பாகாயம் அக்கா:
அண்ணா, வாட்டம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தக் கிரானைட் பட்டை வேண்டவே வேண்டாம். 71 வயதில் கால் அவ்வளவு தூக்கி வைக்க மாட்டார்கள், ஈரக் காலோடு இரண்டு அங்குலத்தில் இடறினால் இடுப்பெலும்பு போய்விடும். என் அப்பாவுக்காக நான் ஆறு வருடமாகத் திரைதான் வைத்திருக்கிறேன். வாட்டம் சரியாக இருந்தால் திரை நிச்சயம் உதவுகிறது. டாய்லெட் பக்கம் தெறிப்பு அறவே இல்லை, அப்பா செருப்பு போடாமலே நடக்கிறார்.

கண்ணாடியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். போர் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் கண்ணாடியில் பால் தெளித்த மாதிரி உப்புப் புள்ளி நின்றுவிடும். குளித்த ஒவ்வொரு தடவையும் வைப்பரால் இழுத்துவிட வேண்டும். அம்மா அதைச் செய்வாரா? திரை என்றால் கழற்றித் துவைத்துவிடலாம், கெட்டுப்போனால் மாற்றிவிடலாம்.

காட்பாடி கொத்தனார்:
சரி அக்கா, பட்டையை விட்டுவிடுகிறேன். ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். சறுக்குகிற ஆள் கைக்கு எது கிடைக்கிறதோ அதைத்தானே பிடிப்பார்? அன்றைக்கு வாஷ்பேசின் கிடைத்தது. நாளைக்கு அந்த இடத்தில் திரை தொங்கினால் அதைப் பிடிப்பார். ஸ்பிரிங் ராடு திரையோடு சேர்ந்து தலையில் விழும். இரண்டு சுவருக்கு நடுவே அழுத்தி நிற்பது அது, ஆள் கனத்தை எப்படித் தாங்கும்?

கொசப்பேட்டை குடித்தனக்காரர்:
வாடகை வீட்டில் டைல்ஸில் ஓட்டை போட விடமாட்டார்கள், அதனால் ஸ்பிரிங் ராடுதான் வைத்திருக்கிறேன். அண்ணா சொல்வது உண்மை. என் மகன் இழுத்து விளையாடி இரண்டு தடவை விழுந்திருக்கிறது. சொந்த வீடென்றால் ஸ்க்ரூ அடித்தே மாட்டுங்கள். ராடு எவர்சில்வரில் 304 ரகமாக இருக்கட்டும். குரோம் பூசிய இரும்பு ராடு இந்த உப்புக்கு ஒரு வருடத்தில் துருப்பிடித்து, வளையம் நகராமல் நின்றுவிட்டது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஷவர் ஓடும்போது திரை உள்ளே வளைந்து வந்து காலில் ஒட்டும். வெந்நீர்க் காற்று மேலே போவதால்தான் என்று நினைத்தேன், பச்சைத் தண்ணீரிலும் ஒட்டியது. அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஷ்மிட் இதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். விழுகிற துளிகள் காற்றைச் சுழல வைக்கின்றன, அந்தச் சுழலின் நடுவில் அழுத்தம் குறைகிறது, அதுதான் திரையை உள்ளே இழுக்கிறது என்றார். சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இக்நோபல் பரிசும் 2001-ல் அதற்குக் கிடைத்தது. அடிமடிப்பில் கனம் தைத்த திரையாக வாங்கினால் இது பெருமளவு குறையும்.

பாகாயம் அக்கா:
அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் கைப்பிடி. ஷவர் பக்கச் சுவரில் ஒன்று, டாய்லெட் பக்கத்தில் ஒன்று. திரை போடுவதற்கு முன்பே அதை மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான், அப்பாவின் கை பழக்கத்தில் நேராகக் கைப்பிடிக்கே போகிறது.

வாங்கும்போது நீளத்தைக் கவனியுங்கள் தம்பி. கடையில் பெரும்பாலும் 72 அங்குலத்துக்கு 72 அங்குலம்தான் இருக்கும். ஐந்தடிக்கு அந்த அகலம் போதும், உயரம் போதாது. ஷவர் தலை ஆறரை அடியில் இருந்தால் தண்ணீர் திரைக்கு மேலே தாண்டும். 84 அங்குல நீளம் கேட்டு வாங்கி, கீழே தரைக்கு இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். தரையில் புரண்டால் வழவழப்பும் பூஞ்சையும் அங்கேதான் ஆரம்பிக்கும். பிவிசி வேண்டாம், புதிதில் வாடை தலைவலி கொடுக்கும். பாலியெஸ்டர் துணி நல்லது.

குளித்து முடித்ததும் திரையைச் சுருட்டி ஓரம் தள்ளாதீர்கள், முழுக்க இழுத்து விரித்துவிடுங்கள். நம்ம ஊர் கோடையில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் மடிப்புக்குள் கறுப்புப் புள்ளி வரும், அப்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி ஊறவைத்து அலசுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறை, மூச்சு முட்டிவிடும்.

சத்துவாச்சாரிக்காரன்:
வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முக்கால்வாசி ஜாலிக்குப் போகிறது, டாய்லெட் மூலையில் மட்டும் இரண்டு டைல்ஸ் அளவுக்குத் தேங்குகிறது. அந்த மூலையை எடுத்துச் சரி செய்கிறேன், அப்புறம் கைப்பிடி, அதற்குப் பிறகு திரை.

காட்பாடி கொத்தனார்:
அந்த வரிசை சரி தம்பி. திரை அவசியமா என்பதை வாட்டம் சரியான பிறகு ஒரு வாரம் குளித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், எனக்கு இன்னும் சந்தேகம்தான். கைப்பிடிக்கு ஓட்டை போடும் இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, டிரில்லில் டைல்ஸ் பிட் போட்டு, டைல்ஸைத் தாண்டும் வரை சுத்தியல் மோடு இல்லாமல் ஓட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டைல்ஸ் விரிந்துவிடும். ஸ்க்ரூ செங்கல்லில் போய் நிற்க வேண்டும், பூச்சில் நின்றால் பிடுங்கிக்கொண்டு வரும். மாட்டி முடித்ததும் அம்மா பிடிப்பதற்கு முன்பே நீங்கள் ஒரு தடவை முழு பலத்தோடு தொங்கிப் பாருங்கள்.