ஒன்ராறியோவில் பழைய பிக்கப் ட்ரக் வாங்குறீங்களோ? மீற்றரை விட்டிட்டுக் கறளைப் பாருங்கோ

வந்து ஒரு வருஷம் ஆகாத தம்பிமார் அடிக்கடி கேட்கிறது இது: "அண்ணை, ரெனவேஷன் வேலைக்குப் போக ஒரு ட்ரக் வேணும், கையில பன்னிரண்டாயிரம் டொலர்தான் இருக்கு, 250,000 கிலோமீற்றர் ஓடினது வாங்கலாமோ?" வாங்கலாம். இந்தக் காசுக்குக் கிடைக்கிற முழு அளவு பிக்கப் எல்லாம் அனேகமாக இரண்டு லட்சம் தாண்டினதுதான். கேட்க வேண்டியது எவ்வளவு ஓடியது என்று இல்லை, எப்படி ஓடியது, எங்கே நின்றது என்று.

முதலில் எஞ்சின் மணித்தியாலத்தை, அதாவது எஞ்சின் மொத்தமாக ஓடின நேரத்தைப் பாருங்கோ. ஃபோர்ட் எஃப்-150, ஜீஎம் சில்வராடோ, ராம் 1500 என்று பெரும்பாலானவற்றில் டாஷ் ஸ்கிரீனில் இது இருக்கும். ஃபோர்டில் ஐடில் மணித்தியாலத்தையும் (வாகனம் நின்றபடி எஞ்சின் ஓடின நேரம்) தனியாகக் காட்டும். மீற்றரில் உள்ள கிலோமீற்றரை எஞ்சின் மணித்தியாலத்தால் பிரியுங்கோ. 280,000 கிலோமீற்றர், 5,000 மணித்தியாலம் என்றால் சராசரி வேகம் 56. ஹைவேயில் ஓடின வாகனம், எஞ்சின் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. 160,000 கிலோமீற்றர், 6,400 மணித்தியாலம் என்றால் சராசரி 25 தான். அது கட்டட சைட்டில் ஹீட்டர் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்ற வாகனம். மீற்றர் குறைவு என்று அதற்குக் கூட விலை சொல்லுவினம். நான் என்றால் முதலாவதைத்தான் எடுப்பன். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டு நிற்கும்போது ஒயில் பிரஷர் குறைவு. கடுங்குளிரில் ஒயில் நன்றாகச் சூடாகாமல் பெற்றோலும் ஈரமும் அதற்குள் சேரும். அந்தத் தேய்மானம் மீற்றரில் விழாது.

அடுத்தது கறள். இந்த நாட்டில் ட்ரக்கைக் கொல்லுறது எஞ்சின் இல்லை, றோட்டுக்குப் போடுற உப்பு. பழைய கார்ப்பெற் துண்டு ஒன்று, டோர்ச் லைட், சின்னச் சுத்தியல் மூன்றையும் கொண்டு போங்கோ. வெட்கப்படாமல் கீழே படுங்கோ. ட்ரக்கின் அடிச்சட்டமான ஃபிரேமில் கேபினுக்குப் பின்பக்கத்தில் இருந்து பின் அக்சிலுக்கு மேலே போற பகுதி, லீஃப் ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற ஹாங்கர், ஸ்பெயார் ரயர் தொங்குற இடம், இவைதான் முதலில் போகும். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். 'பொத்' என்று செத்த சத்தம் வந்து பொருக்கு உதிர்ந்தால் எழும்பிக் கையைத் தட்டிப்போட்டு வீட்ட வாங்கோ, விலை பேசக்கூட நிற்க வேண்டாம். மேலால மண்ணிறமாகப் படிந்திருக்கிற கறள் எல்லாத்திலும் இருக்கும், அதுக்குப் பயப்படத் தேவையில்லை. அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடிச்சிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். வருஷா வருஷம் ஒயில் ஸ்ப்ரே அடிச்ச வாகனத்தில் அழுக்கும் பிசுபிசுப்பும் இருக்கும். அந்த அழுக்கு நல்ல அழுக்கு.

2015இல் இருந்து வந்த எஃப்-150இன் பொடி அலுமினியம். கதவு, பெட்டி எல்லாம் பளபளவென்று இருக்கும், ஆனால் ஃபிரேம் இன்னும் இரும்புதான். மேல்பக்கத்தை மட்டும் பார்த்துக் காசைக் குடுத்திட்டு வாறவை இருக்கினம். டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எங்கட ஆக்களிட்ட ஒரு நம்பிக்கை. 2000 முதல் 2003 வரை வந்த டன்ட்ராவை ஃபிரேம் கறளுக்காக டொயோட்டாவே 2009இல் திருப்பி அழைச்சது. 1999–2007 காலத்து ஜீஎம் சில்வராடோ, சியரா எடுக்கிறதென்றால் பிறேக் லைனை நுனியில் இருந்து நுனிவரை கையால் தடவிப் பாருங்கோ. அது கறள் பிடிச்சு வெடிச்சால் பிறேக் பெடல் நேரே தளத்துக்குப் போகும்.

எஞ்சினைப் பற்றி என்ர அபிப்பிராயம். ஃபோர்டில் 2004–2010இல் வந்த 5.4 லீற்றர் மூன்று வால்வ் ட்ரைட்டன் எஞ்சினைத் தொட வேண்டாம். டைமிங் செயினும் கேம் ஃபேசரும் (வால்வ் திறக்கிற நேரத்தை மாத்துற பாகம்) பிரச்சினை, 2008 வரை வந்தவற்றில் ஸ்பார்க் பிளக் கழற்றப் போனால் உள்ளுக்கே முறியும். 2011–2017 காலத்து 5.0 வீ8 நல்ல தெரிவு. 3.5 ஈக்கோபூஸ்ட் இழுவைக்குக் கெட்டித்தனம், ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணின முதல் இரண்டு மூன்று செக்கனுக்குக் கடகடவென்று கேட்டால் அது ஃபேசர் அல்லது செயின், செலவு ஆயிரக்கணக்கில் வரும். ஜீஎம் 5.3இல் 2007க்குப் பிறகு சிலிண்டரை நிற்பாட்டி எரிபொருள் மிச்சம் பிடிக்கிற சிஸ்டம் இருக்கு; மிச்சம் கொஞ்சம், அதால் பழுதாப் போற லிஃப்டர் (வால்வைத் தள்ளுற பாகம்) அதிகம். அதே காலத்துச் சின்ன 4.8இல் அந்தச் சிஸ்டம் இல்லை. நாலு கியர்தான், ஆளும் மந்தம், ஆனால் கரைச்சல் குறைவு. டன்ட்ரா 5.7 எஞ்சின் இரும்பு மாதிரி. குடிக்கிறதும் விலையும்தான் பிரச்சினை.

ராமின் ஹெமி எஞ்சினில் 'டிக் டிக்' சத்தம் இரண்டு விதம். குளிராக இருக்கும்போது கேட்டு, சூடானவுடன் மறைந்தால் அனேகமாக எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் போல்ட் முறிஞ்சிருக்கும். அதைத் திருத்தலாம், விலையில் கழியுங்கோ. சூடான பிறகும் நிற்காமல் கேட்டால் லிஃப்டரும் கேம்ஷாஃப்டும், எஞ்சினைத் திறந்து செய்யிற பெரிய வேலை. இதுக்காகத்தான் சொல்லுறன், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதலே சொல்லிப்போட்டுப் போங்கோ. போனவுடன் பொனட்டில் கையை வையுங்கோ. சூடாக இருந்தால் ஏன் சூடாக்கினவர் என்று யோசியுங்கோ.

ஓட்டிப் பார்க்கிறதுக்கு ஹைவே வேணும், பிளாஸா பார்க்கிங் லொட் காணாது. 70–80இல் காஸை மெதுவாக அமத்திக்கொண்டு போகும்போது கரடுமுரடான றோட்டில் போறது போல அதிர்ந்தால் டோர்க் கொன்வேட்டர் (எஞ்சின் சக்தியைக் கியர்பெட்டிக்குக் கடத்துற பாகம்) பழுது. ஃபோர்வீலைச் சரளைக்கல்லில் போட்டுப் பாருங்கோ, காய்ஞ்ச தார் றோட்டில் போட்டு வளைக்க வேண்டாம். முப்பது நாற்பது டொலருக்கு பழுதுக் கோட் வாசிக்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கி ட்ரக்கில் குத்துங்கோ. கோட் இல்லை, ஆனால் மொனிட்டர்கள் (வாகனம் தன்னைத்தானே சோதிக்கிற சோதனைகள்) 'ரெடி இல்லை' என்று காட்டினால், அனேகமாக நேற்றோ இன்றோ யாரோ கோட்டை அழிச்சிருக்கினம்.

கடுதாசி வேலை. தனியாள் விற்றால் யூவிஐபி (பழைய வாகனத்தின் தகவல் அடங்கின அரசாங்கப் பொதி) தருவது விற்கிறவரின் பொறுப்பு, 20 டொலர். அதில் முன்னைய சொந்தக்காரரும் ஒன்ராறியோவில் உள்ள கடனும் தெரியும். வேறு மாகாணத்துக் கடனுக்கும் விபத்துக்கும் கார்ஃபாக்ஸ் என்ற வாகன வரலாற்று அறிக்கையை எடுங்கோ. கடன் உள்ள வாகனத்தை வாங்கினால் கடன் குடுத்தவன் உங்கட வாசலில் வந்து தூக்குவான். 13 வீத வரியைப் பெயர் மாத்தும்போது கட்ட வேணும். வாங்கின விலை, அந்த வாகனத்தின் ஹோல்சேல் மதிப்பு இரண்டில் எது கூடவோ அதுக்கு. ஆகையால் "பில்லில் குறைச்சு எழுதுவம்" என்கிற கதையில் ஒரு லாபமும் இல்லை. சேஃப்டி சேர்ட்டிஃபிக்கற் 36 நாளுக்குத்தான் செல்லும், அதுவும் பிறேக், லைட், ரயர் மாதிரியான அடிப்படைப் பாதுகாப்புக்கு மட்டும்; எஞ்சின் உள்ளுக்கு நல்லதோ என்று அது சொல்லாது. விற்கிறவருடைய மெக்கானிக் இல்லாமல் வேறொருவரிட்ட ஹொயிஸ்ரில் ஏற்றிப் பாருங்கோ.

லைசென்ஸ் இல்லாமல் தனியாள் மாதிரி நடிச்சு விற்கிற ஆக்களைப் பிடிக்க ஒரு வழி: ஃபோன் எடுத்து "நீங்கள் போட்ட வாகனம் இன்னும் இருக்கோ" என்று மட்டும் கேளுங்கோ. "எந்த வாகனம்?" என்று திருப்பிக் கேட்டால் வையுங்கோ ஃபோனை.

டீசல் ட்ரக் எடுக்கலாமோ, இன்சூரன்ஸ் எப்படி என்று கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில்:

டீசல் வேண்டாம் தம்பி. குறுந்தூரம் ஓடி, குளிரில் நின்று நின்று போற வேலைக்கு அதன் ஃபில்டர் அடைக்கும், இன்ஜெக்டர் செலவை உங்களால் தாங்கேலாது. அத்தோட டீசல் அனேகமாக வாற முக்கால் டன் ட்ரக்கை (எஃப்-250 மாதிரிப் பெரியது) வேலைக்குப் பாவிச்சு மொத்த எடை 4,500 கிலோவைத் தாண்டினால் சிவிஓஆர் (வணிக வாகனம் நடத்துறவருக்கான மாகாணப் பதிவு), வருடாந்தப் பரிசோதனை என்று தனி உலகம்.

இன்சூரன்ஸ்: டெப்பொசிட் குடுக்க முதலே வாகனத்தின் அடையாள இலக்கமான வின் நம்பரைக் குடுத்து விலை கேளுங்கோ. ஜீ2 லைசென்ஸ் (முழு ஜீ லைசென்ஸுக்கு முந்தின படி), ஸ்காபரோ விலாசம் இரண்டும் சேர்ந்தால் மாதக் காசு ட்ரக்கின் தவணையை விடக் கூட வரலாம். வேலைக்குச் சாமான் ஏற்றுறதென்றால் அதைச் சொல்லுங்கோ, மறைச்சால் விபத்து நடந்த அன்று கிளெயிம் இல்லை என்று சொல்லிப்போடுவினம். கொண்டோவில் இருக்கிறதென்றால் நிலக்கீழ்ப் பார்க்கிங்கையும் முதலே ரேப்பால் அளவுங்கோ. நாலு கதவு எஃப்-150 கிட்டத்தட்ட 5.9 மீற்றர் நீளம்.